நெஞ்சுவலி எனக்கு, துணைக்கு வந்தவர் அண்ணன்

மாரடைப்பு என்பது என்னைப் போலக் கத்துகிறவர்களுக்கும் பதறுகிறவர்களுக்கும்தான் வரும், எதற்கும் சிரித்துவிட்டுப் போகிற அண்ணனை அது அண்டாது என்று முழுதாக நம்பியிருந்தேன். இப்படி ஒரு நினைவு மலர் வந்தால் படம் என்னுடையது, கட்டுரை அண்ணன் எழுதியது என்றிருந்தேன். படத்தில் சிரிக்கலாமா வேண்டாமா என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

அண்ணன் மீஞ்சூரில் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட, படிப்பை நிறுத்திவிட்டுக் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்காலையில் சேர்ந்தார். என்னைப் படிக்கவைத்தார், தங்கைக்குக் கல்யாணம் முடித்தார். உலைப் பிரிவிலேயே மேற்பார்வையாளராக உயர்ந்தார். மேலே இருப்பவர்களின் ஏச்சும் கீழே இருப்பவர்களின் முணுமுணுப்பும் அவர் தலையில்தான் விழும். இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார். எங்கேதான் வைக்கிறார் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

நானோ ஏப்பம் வந்தாலே உயில் எழுத உட்காருகிற ஆள். கிளினிக்கில் இசிஜி எடுக்கும் பெண் என் பெயரைக் கேட்காமலே எழுதிக்கொள்வார். ஒவ்வொரு முறையும் அண்ணன்தான் துணை. "இன்னாடா, இந்த மாசம் இன்னும் நீ சாவலியேன்னு பாத்துகினு இருந்தேன். கெளம்பு" என்பார்.

ஒருமுறை டாக்டர் அவரிடமும் பேசினார். "கோவப்படுறவங்களுக்கு மட்டும் இல்லீங்க, எல்லாத்தையும் உள்ளயே அமுக்கி வெக்கிறவங்களுக்கும் இதயத்துக்குச் சுமைதான். நீங்களும் பிரஷர் பாத்துடுங்க."

"எங்க ஊட்ல நெஞ்சு டிபார்ட்மெண்ட் இவன்துதான் சார்" என்றார் அண்ணன். நானும் சேர்ந்து சிரித்தேன்.

கடைசி நாளன்று மாலை எனக்கு இடப்பக்கம் குத்தியது. போன் செய்தேன். ஷிப்டு முடிந்த கையோடு அண்ணன் வண்டியில் வந்து நின்றார். சட்டை பிழிந்தால் தண்ணீர் சொட்டும்போல இருந்தது.

"இன்னாண்ணா, இப்டி வேர்த்திருக்கு?"

"உலைகிட்ட நின்னா பனியாடா கொட்டும்? ஏறு."

உருக்காலைக்காரருக்கு வியர்ப்பதை எங்கள் வீட்டில் யாரும் நோயென்று நினைத்ததில்லை. வழியில் இடது தோளை உதறிக்கொண்டே ஓட்டினார். நான் பின்னால் உட்கார்ந்து என் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று கிளினிக்கில் அண்ணனைத் தூக்க ஓடிவந்த மருந்துக்கடைக்காரருக்கும், ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்த நர்ஸ் அம்மாவுக்கும், அண்ணியைத் தனியே விடாத உலைப் பிரிவு நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அண்ணி ஒன்றே ஒன்று எழுதச் சொன்னார்: எதையும் வெளியே சொல்லாத ஆள் உங்கள் வீட்டில் இருந்தால், பிரஷர் பார்க்கக் கூட்டிப்போங்கள்.

என் இசிஜியில் கோளாறு எதுவும் இல்லை. நான் உள்ளே படுத்திருந்தபோது, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணன் மாரடைப்பால் இறந்துபோனார்.