லம்துவானின் இரவுச் சுற்று

வண்டியின் பக்கக் கண்ணாடிக் கம்பியில் மல்லிகைச் சரத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சை இறுக்கி, மிச்ச நூலைப் பல்லால் கடித்துத் துப்புகிறாள் லம்துவான். கை தன் பாட்டுக்கு வேலை செய்கிறது. முகம் ரயில் நிலையத்தின் பக்கம் திரும்பியிருக்கிறது. சரம் வண்டியில் குடியிருந்து அதைக் காக்கும் தாய்த் தெய்வத்துக்கு. வண்டி மூன்று சக்கர டுக்-டுக், பச்சை நிறம், தவளை மூக்கு, முப்பது வயதை நெருங்குகிறது. லம்துவானுக்கு ஐம்பத்தெட்டு.

பாங்காக் ரயில் நின்றதும் அயூத்தியா வண்டிக்காரர்களில் முதலில் எழுவது அவள் குரல்தான். "வா தம்பி, வா தங்கச்சி. பகல் சுத்து ஆறு கோயில், ராத்திரி சுத்து நாலு கோயில். ரெண்டையும் சேர்த்துப் போனா குறைச்சுத் தரேன்." முதுகுப் பையோடு இறங்கும் வெள்ளைக்காரர்களுக்கு இதில் பாதி புரியாது. இருந்தும் நின்றுவிடுகிறார்கள். வீட்டில் சாப்பிடக் கூப்பிடும் குரல் அது.

பகலில் அவள் கறாரானவள். மகாதாத் கோயிலில் வேர்களுக்கு நடுவே இருக்கும் புத்தர் தலைக்கு முன்னால் நின்றபடி படம் எடுத்தால் தோளைப் பிடித்து அழுத்திவிடுவாள். "உட்காரு. உன் தலை அவர் தலைக்கு மேல போகக் கூடாது. உட்கார்ந்தாலும் படம் விழும்." தண்ணீர் குடிக்காத பயணிக்கு வண்டி நகராது. வெயிலில் முகம் சிவந்தவர்களை மர நிழலில் உட்காரவைத்து ஈரத் துணி கொடுப்பாள். இதற்கெல்லாம் தனிக் கட்டணம் கிடையாது. நன்றி சொல்ல வந்தால் நேரமாகிறது என்பாள்.

வரிசையில் அவளுக்கு அடுத்த வண்டி சவேங்கினுடையது. அறுபதைத் தாண்டியவன். வீட்டில் மனைவி, இரண்டு மருமகள்கள், பேரப்பிள்ளைகள். "வீட்ல வாயைத் திறக்க எனக்கு முறையே வராது அக்கா. அதான் எல்லாத்தையும் இங்க வந்து கொட்டுறேன்" என்பான். தன்னைவிட இளையவளை அக்கா என்று அழைப்பது, அவள் கணவன் அவனுக்கு அண்ணன் முறையாகப் பழகியதால். கணவன் இறந்து ஆறு வருடம் ஆகிறது. பச்சை வண்டி அவனுடையது.

ஒரே மகள் தைவானில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கைபேசியில் முகம் காட்டுவாள். லம்துவான் கைபேசியை எட்ட நீட்டிப் பிடித்துக்கொண்டு, "மெலிஞ்சு போயிட்டே" என்று ஆரம்பிப்பாள். போன மாதம் மகள் சிரித்துவிட்டாள். "நாலு கிலோ ஏறியிருக்கேம்மா. பாத்துட்டுத்தான் சொல்றியா?"

பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் முற்றிவிட்டது. பகலில் பரவாயில்லை, தலையைச் சாய்த்துச் சமாளித்துவிடலாம். இருட்டியபின் எதிரே வரும் விளக்கு உடைந்த கண்ணாடித் தூள்போலச் சிதறும். கழுவாத கண்ணாடி வழியாகப் பார்ப்பது மாதிரி என்று நோயாளிகள் சொல்வார்கள். லம்துவான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வண்டி ஸ்டாண்டுத் தலைவர் இரவுச் சுற்றை நிறுத்திவிடுவார்.

இரவுச் சுற்று போனால் வருமானம் பாதி போகும். அதுகூடப் பெரிதில்லை. ஆறு மணிக்கு வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். ஆறிலிருந்து ஒன்பதுவரை அந்த வீட்டில் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியாது. கணவன் இறந்த முதல் வாரம் அதைச் செய்து பார்த்திருக்கிறாள். இரண்டு தட்டு எடுத்துவைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப அடுக்கினாள். தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்தாள். சுவரில் பல்லி கத்தினால் பதில் சொன்னாள். ஏழாம் நாளே மாலை வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

போன வருடமே மருத்துவமனைக்குப் போனாள். அரை மணி நேர அறுவை, அன்றே வீட்டுக்குப் போகலாம், செலவு அரசாங்கத்தோடது என்றார்கள். பிறகு ஒரு தாளைக் கொடுத்தார்கள். உடன் வரும் உறவினர் பெயர், உறவு முறை, கையெழுத்து. இந்த விதி சரியானதுதான். ஒரு கண்ணை மூடிக் கட்டியவளைத் தனியாக அனுப்பக் கூடாது. குனியக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, வேளை தவறாமல் சொட்டு மருந்து. ஆள் வேண்டும். லம்துவான் பேனாவை எடுத்தாள், மூடிவைத்தாள். பிறகு தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். அவசர வேலை என்று செவிலியிடம் சொன்னாள்.

அதன்பின் ஒரு வருடம் வழியை மனப்பாடமாக ஓட்டினாள். சர்க்கரை காயும் வாசம் வந்தால் ரொட்டிக் கடைத் திருப்பம். யானைக் கொட்டில் நாற்றத்துக்குப் பிறகு மூன்று பள்ளம், அப்புறம் வலது. பின்னால் நாலு உயிரை உட்காரவைத்துக்கொண்டு இப்படி ஓட்டியது தவறு. கெட்டிக்காரத்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

போன புதன்கிழமை இரவு, கடைசிப் பயணிகளாக ஒரு வயதான டச்சுத் தம்பதி. விளக்கு போட்ட கோபுரங்களை ஆற்றங்கரையிலிருந்து காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். வழியில் ஒரு முச்சந்தியில் காவல் தெய்வத்தின் சிறு கோயில் இருக்கிறது. சிவப்பு விளக்கும் பூமாலையுமாக இருக்கும். ஊர் வண்டிக்காரர்கள் எல்லாரும் அங்கே மூன்று முறை ஹாரன் அடித்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போவார்கள். லம்துவான் சிவப்பு வெளிச்சத்தைக் கண்டாள். வேகத்தைக் குறைத்து ஓரமாக நின்றாள். மூன்று முறை அடித்தாள். கைப்பிடியை விட்டுவிட்டு நெற்றிக்கு நேரே கை குவித்தாள். காலையிலிருந்து அவளைப் பார்த்துப் பழகிய தம்பதியும் பக்தியாகக் கும்பிட்டார்கள்.

வெளிச்சத்துக்குள்ளிருந்து ஏப்ரனில் கை துடைத்தபடி ஒருத்தி வெளியே வந்தாள். "எத்தனை குச்சி வேணும்? காரம் போடட்டா?"

அது இறைச்சி உருண்டை சுட்டு விற்கும் தள்ளுவண்டி. அந்த வாரம்தான் அங்கே வந்திருந்தது. சிவப்புக் குழல்விளக்கும் பிளாஸ்டிக் பூவும் கட்டியிருந்தார்கள். கோயில் இன்னும் இருநூறு அடி தள்ளி இருந்தது.

தள்ளுவண்டி ஓரத்தில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் சவேங்கும் ஒருவன். வாயில் உருண்டையோடு சிரித்தான். "அக்கா, உருண்டைக்காரிகிட்ட என்ன வரம் கேட்டே? எனக்கு அவ கடன்கூடத் தர்றதில்லை."

எல்லாரும் சிரித்தார்கள். லம்துவானும் சிரித்துவிட்டு, "நாலு குச்சி குடு" என்று கடைக்காரியிடம் கை நீட்டினாள். கை கடைக்காரி நின்ற இடத்துக்கு ஒரு சாண் இடதுபுறம் போயிற்று. சவேங்கின் சிரிப்பு நின்றது.

அவன் கையிலிருந்த குச்சியைப் போட்டுவிட்டுத் தன் வண்டியை எடுத்து அவளுக்கு முன்னால் கொண்டுவந்தான். "என் பின்விளக்கைப் பாத்துக்கிட்டே வா. மெதுவாத்தான் போவேன்." தம்பதியை விடுதியில் இறக்கிவிட்டு ஸ்டாண்டுக்கு வரும்வரை அவன் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"எவ்வளவு நாளா?" என்றான்.

"இன்னிக்கு அசதி."

"அக்கா, எங்கப்பாவும் இப்படித்தான் அசதின்னு சொல்லிச் சொல்லிக் கால்வாய்க்குள்ள விழுந்தாரு. நாளைக்கு நீயே தலைவர்கிட்ட சொல்லு. இல்லாட்டி நான் சொல்வேன்."

"சொன்னா ராத்திரி வண்டியை எடுத்துருவாங்கடா. அப்புறம் நான் எங்க போறது?"

அவன் புரியாமல் பார்த்தான். எட்டுப் பேர் உள்ள வீட்டுக்காரனுக்கு அது புரிய நேரம் எடுக்கும். "அப்ப கண்ணைச் சரி பண்ணிக்கோயேன். காசா கேக்குறான்?"

அவள் பையிலிருந்து மடித்த தாளை எடுத்துக் கொடுத்தாள். மடிப்புகளில் கிழிந்திருந்தது. அவன் கைபேசி வெளிச்சத்தில் படித்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன், நேரமாயிற்று.

"இதுக்காகவா ஒரு வருஷம்?"

"யாரை எழுதச் சொல்றே? பல்லியையா?"

"என்னை எழுது."

"உறவு முறைன்னு ஒரு கட்டம் இருக்கு, பாரு."

சவேங் தாளை அவளிடம் நீட்டினான். "வரிசையில அடுத்த வண்டின்னு எழுது. பொய்யில்லையே."

"செவிலி சிரிப்பா."

"சிரிக்கட்டும். சொட்டு மருந்தை ஸ்டாண்டுல வச்சிக்கலாம். சவாரி முடிச்சுத் திரும்புறவன் ஒவ்வொருத்தனும் ஒரு சொட்டு விடட்டும்."

"கிரீஸ் பிடிச்ச கையாலயா? கண்ணே போயிரும். போடா."

அவ்வளவுதான் பேச்சு. வண்டியை ஸ்டாண்டிலேயே பூட்டிவிட்டு அவள் நடந்து போனாள். கூட வருகிறேன் என்றவனைத் துரத்திவிட்டாள். வீட்டில் காலையில் வைத்த சோறு இருந்தது. முட்டையைப் பொரித்து நின்றபடியே சாப்பிட்டாள். விளக்கை அணைத்தபிறகு வெகுநேரம் பக்கத்து வீட்டுக் குழந்தை பாடம் ஒப்பிப்பதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். குழந்தையும் ஒரு கட்டத்தில் தூங்கிவிட்டது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, கோயிலுக்குப் போகும்போது போடும் வெள்ளைச் சட்டையோடு ஸ்டாண்டுக்கு வந்தாள். தலைவரிடம் நேரே போய்க் கண் விஷயத்தை இரண்டு வாக்கியத்தில் சொன்னாள். அவர் வாய் திறப்பதற்குள் திரும்பிவிட்டாள். சவேங்கின் வண்டி அருகே நின்று, "ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு?" என்று கேட்டாள்.

"ஏறு அக்கா."

"எவ்வளவுன்னு சொல்லு. இல்லாட்டி வேற வண்டி பாத்துக்குவேன்."

அவன் ஊர்க்காரர்களுக்குச் சொல்லும் தொகையைச் சொன்னான். அவள் ஒப்புக்கொண்டாள். பின்பக்கம் ஏறத் தெரியவில்லை. தலை கூரையில் இடித்தது. எந்தப் பக்கம் பார்த்து உட்காருவது என்று இரண்டு முறை மாறினாள். இத்தனை வருடத்தில் பயணிகள் உட்காரும் பலகையில் அவள் உட்கார்ந்ததே இல்லை. ஒரு கையால் கம்பியையும் மறுகையால் அந்தத் தாளையும் பிடித்துக்கொண்டாள்.

வண்டி பாலத்தில் ஏறி இறங்கியது. முன்னால் ஒரு பால் வண்டி குறுக்கே வந்தது. லம்துவானின் வலது கால் தகரத் தரையை ஓங்கி மிதித்தது.

"பிரேக்கு என்கிட்ட இருக்கு அக்கா" என்றான் சவேங், திரும்பாமலே.

அவள் காலை மெல்ல எடுத்துப் பலகைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். அடுத்த சந்திப்பு வருவதற்குள் கால் தானாகவே முன்னால் வந்து தயாராக நின்றது.