நீர்க்கட்டி விழுந்த ஈரல்

கோவை உக்கடம் பக்கம் கறிக்கடை வைத்திருக்கும் ரசாக், ஆட்டு ஈரலில் நீர்க்கட்டி தென்பட்டால் அதை விற்க மாட்டார். நேர்மையான மனுஷன். ஆனால் வீணாக்கவும் மனசு வராது. கடைக்கு எதிரே வாலாட்டி நிற்கும் நாய்களுக்குப் போட்டுவிடுவார். வாயில்லா ஜீவன் பசியாறினால் நன்மைதானே என்பார். அதில் ஒரு நாய் அவர் பின்னாலேயே வந்து வீட்டு வாசலில் படுத்துக்கொள்ளும். உள்ளே விடமாட்டார்கள். அது அசிங்கம் செய்த வாசலை மனைவி சபுராதான் தினமும் கூட்டிக் கழுவுவாள்.

போன வருஷம் சபுராவின் ஈரலிலேயே தேங்காய் அளவுக்கு ஒரு நீர்க்கட்டி. அறுத்து எடுத்த டாக்டர், “கெட்ட ஈரலைத் தின்ற நாய்க்குப் புழு வருமுங்க. அதோட கழிவுல இருக்கற முட்டை நம்ம வயித்துக்குள்ள போனா இப்படி ஆயிரும்” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். ரசாக்குக்கு ஈரக்குலையே நடுங்கிவிட்டது.

அன்றிலிருந்து கெட்ட ஈரலை ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார். ஆனால் பொண்டாட்டி முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. சபுராவோ, தன் வயிற்றுத் தழும்பு பிடிக்காமல்தான் மனுஷன் ஒதுங்குகிறார் என்று முடிவே கட்டிவிட்டாள். அவளாவது வாய்விட்டுக் கேட்டால் என்ன, வாயில் இருக்கும் முத்தா உதிர்ந்துவிடும்?

மறுபரிசோதனைக்கு இருவரும் போனபோது வர்ஷினி என்ற ஆராய்ச்சி மாணவி சபுராவிடம் ரத்தம் கேட்டாள். செல்கள் ரத்தத்தில் விடும் எக்ஸோசோம் என்ற நுண்பொட்டலங்களுக்குள் வளைய ஆர்.என்.ஏ இருக்கிறதாம். நுனியில்லாத வளையம் என்பதால் சீக்கிரம் சிதையாதாம். அதை வைத்து இந்த நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்கிறார்கள்.

“ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவங்க ரத்தமும் வேணுமுங்கண்ணா. நீங்க குடுக்கறீங்களா?”

ரசாக் உடனே கையை நீட்டினார். செய்த பாவத்துக்கு அதுவாவது ஆகட்டும் என்று அவருக்கு. நோயில்லை என்று உறுதி செய்ய முதலில் ஒரு ஸ்கேன் எடுத்தார்கள்.

வர்ஷினி தயங்கித் தயங்கி வந்தாள். “ஏனுங்கண்ணா, உங்க ஈரல்லயும் சின்னதா ஒரு கட்டி இருக்குதுங்க. மாத்திரையிலயே சரியாயிரும்னு டாக்டர் சொல்றாரு.”

ரசாக் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். மாதக்கணக்கில் பார்க்காத மனைவியின் முகத்தை நேராகப் பார்த்தார்.

“நாய்க்கு ஈரலப் போட்டு உனக்கு இந்த நோவ வாங்கிக் குடுத்தவன் நாந்தான் சபுரா. உன்னயப் படுக்கப் போட்டுப்போட்டு நான் மட்டும் நல்லாருக்கேனேன்னு சோறே எறங்கல.”

சபுரா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இதுக்காங்க மூஞ்சியத் திருப்பிட்டிருந்தீங்க? அறுத்தப்பக்கூட எனக்கு இத்தன வலிக்கலீங்க.”