மார்க் போட ஆளில்லாத நாள்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஜவ்வாது மலையில் அடைமழை பிடித்துக்கொண்டிருந்த ஐப்பசியில் நடந்தது இது. எனக்குக் கண்ணமங்கலம் பக்கம். நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். நாற்பதைத் தாண்டிய பிறகு மேல்படிப்பு ஆசை வந்தது. டாக்டருக்கும் நர்சுக்கும் படிக்கிறவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதையே பாடமாக வைத்திருக்கிற முதுகலைப் படிப்பு. "வாத்தியாருக்கே வாத்தியார் ஆவப் போறியா?" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தார்.

படிப்பு முடிய ஒரு ஆய்வேடு எழுதவேண்டும். நோயாளியிடம் பேசும் முறையைப் பயிற்சி கொடுத்துச் சொல்லித்தந்தால் மாணவிகளின் பேச்சு மாறுகிறதா என்பதுதான் நான் எடுத்த தலைப்பு. இதற்கு ஒரு வழி உண்டு. ஒருவரை நோயாளி மாதிரி நடிக்க வைத்து, மாணவி அவரிடம் எப்படிப் பேசுகிறாள் என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். எங்கள் கல்லூரி மலைமேல் ஒரு சின்ன கிளினிக் நடத்துகிறது. சோதனையை அங்கேயே வைத்துக்கொண்டேன்.

நடிக்க வந்தவர் பக்கத்துக் கிராமத்துப் பெண். சாமை விதைத்து, புளி உலுக்கிப் பிழைக்கிறவர். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர் என்பதால் அக்கா என்றே கூப்பிட்டேன். அவர் என்னை நர்சம்மா என்பார். தலைவலி, தூக்கமில்லை என்று வரவேண்டும், வீட்டில் புருஷன் குடிக்கிறார் என்பதைப் பக்குவமாகக் கேட்டால் மட்டும் சொல்லவேண்டும். இதுதான் வேஷம். அக்கா அசத்திவிட்டார்.

மாணவிகளும் சும்மா சொல்லக்கூடாது. கதவைச் சாத்தினார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா" என்றார்கள். "வேற ஏதாவது சொல்லணுமாம்மா? எங்கிட்ட தைரியமா சொல்லலாம்" என்று குனிந்து கேட்டார்கள். ஒருத்தி அக்காவின் கையையே பிடித்துக்கொண்டாள். நான் மூலையில் உட்கார்ந்து முழு மதிப்பெண் போட்டேன். முடிந்து டீ குடிக்கும்போது அக்கா சொன்னார்: "பொறந்ததுலேந்து என்ன யாரும் இவ்ளோ பொறுமையா கேட்டதில்ல நர்சம்மா." எனக்குத் தலைகால் புரியவில்லை.

சில வாரம் கழித்து ஒரு கிளினிக் நாள். நான் உள்ளறையில் ஆய்வேட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மாணவிகள் வராண்டாவில் நோயாளிகளை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். தடுப்புக்கு அந்தப்பக்கம் ஒரு குரல் உயர்ந்தது.

"இன்னா பண்ணுது? சத்தமா சொல்லு. ரத்தம் போவுதா? எத்தினி மாசமா? இத்தினி நாளு இன்னா பண்ணினு இருந்த? தள்ளி நில்லு, அடுத்த ஆளு வா."

எழுந்து வருவதற்குள் அந்த அம்மா படியிறங்கி, மழையில் மண் ரோட்டில் போய்க்கொண்டிருந்தார். நடையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஓடிப்போய்த் திருப்பத்தில் பிடித்தேன். அக்காதான்.

"அன்னிக்கு என் கையப் புடிச்சி கேட்டுச்சே, அதே பொண்ணுதான் நர்சம்மா. யார்கிட்டயும் சொல்லாம உள்ளயே வச்சினு இருந்தேன். அதுகிட்ட சொல்லலாம்னுதான் வந்தேன். அதுக்கு என்ன அடையாளமே தெர்ல. எங்க ஊரு ஆம்பளைங்கல்லாம் வரிசையில நின்னாங்க. கேட்டுட்டாங்க."

வாங்க, நானே டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்று கெஞ்சினேன். அக்கா மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு நடந்தார். முகத்தை முந்தானையால் மூடியிருந்தார்.

அந்த மாணவியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் பயப்படக்கூட இல்லை, நிஜமாகவே குழம்பித்தான் போனாள். "வராண்டா பூரா ஆளுங்க மேடம். ஒவ்வொருத்தரையும் அப்டி கேட்டா சாயங்காலம் ஆயிடும். அன்னிக்கு நடந்தது எக்ஸாம்தானே மேடம்?" என்றாள். அறைந்துவிடலாம் போலிருந்தது. ஆனால் யாரை அறைவது? அவளுக்கு அந்தப் பரீட்சையை வைத்தவளே நான்தானே.

என் ஆய்வுக்கு வழிகாட்டியவர் ஒரு பேராசிரியர். அவரிடம் போய், இதை ஆய்வேட்டில் எழுதவேண்டும் என்றேன். "ஆய்வு முடிஞ்சப்புறம் நடந்தத எப்படிச் சேக்கறது? ரிசல்ட் அருமையா வந்திருக்கு, நீங்களே கெடுத்துக்காதீங்க" என்றார். ஒரு பத்தி எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். சிவப்பு மையில் அடித்துத் திருப்பினார். அடுத்த வருஷம் பட்டம் வாங்கினேன். கல்லூரியில் சால்வை போர்த்தினார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு கனமான சால்வையைப் போர்த்திக்கொண்டதில்லை.

இதற்கிடையே அக்கா வீட்டுக்கு இரண்டு முறை மலையேறிப் போனேன். சீத்தாப்பழம் கொடுத்தார், நல்லா பேசினார். ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தால் மட்டும், "அறுப்பு முடியட்டும், பாக்கலாம்" என்று எழுந்துவிடுவார். மூன்றாவது முறை போனபோது ஆளே பாதியாகியிருந்தார். "நீங்க பக்கத்துலயே நிக்கிறதா இருந்தா வர்றேன்" என்றார்.

கீழே எங்கள் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தேன். அன்றைக்கு எல்லோரும் எவ்வளவு இதமாகப் பேசினார்கள் தெரியுமா? சீட்டு எழுதுகிறவர் முதல் ஸ்கேன் எடுக்கிறவர் வரை அம்மா, அம்மா என்று உருகினார்கள். பக்கத்தில் மேடம் நிற்கிறாரே! அக்கா ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

கர்ப்பப்பையில் புற்று. ஆபரேஷன் செய்கிற கட்டம் தாண்டிவிட்டது என்றார் டாக்டர். நல்ல மனுஷிதான். ஆதங்கத்தில்தான் கேட்டார்: "ஏம்மா, கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?"

அக்கா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. "வந்தாங்க டாக்டர். நாங்கதான் தொரத்திட்டோம்" என்றேன். சுற்றி நின்ற மாணவிகள் தரையைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் என் புடவையைப் பிடித்து இழுத்து, "வுடுங்க நர்சம்மா, பாவம் அந்தப் பொண்ண திட்டப்போறாங்க" என்றார்.

அக்காவுக்குக் கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சு சிகிச்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். இப்போது மாத்திரையில் நாள் ஓடுகிறது. என் ஆய்வேடு கல்லூரி நூலகத்தில் இருக்கிறது, புது மாணவிகளுக்கு அதை மாதிரியாக எடுத்துக் காட்டுகிறார்கள். பயிற்சி கொடுத்தால் பேச்சு மாறும் என்று அதில் முடிவு எழுதியிருக்கிறேன்; நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறவரைதான் மாறும் என்று எழுதாமல் விட்டது இன்றைக்கும் நெஞ்சை அறுக்கிறது.