மட்டை விழுந்ததென்று சொன்னவன்

சித்தப்பாவின் தோப்பில் நாற்பத்தாறு தென்னைகள் இருந்தன. கணக்குத் தப்பினால் எனக்குத் தூக்கம் வராது. அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வடமதுரைச் சாலையை ஒட்டிய எங்கள் ஊரில் கிணற்றுத் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவோம். ஐம்பதுகளின் கடைசியில், ஒரு தவக்காலத்தில், முறைத் தகராறு முற்றியது. என் அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பியான அந்தச் சித்தப்பா, என் அண்ணனின் வலது கையில் அரிவாளை இறக்கினார். இரண்டு விரல்கள் வாய்க்காலில் விழுந்தன.

எங்கள் பக்கத்தில் ஆளை வெட்டுவது கோபம். பழிவாங்குவது என்றால் மரத்தை வெட்டுவது. அடியில் அல்ல, ஏறிப்போய்க் குருத்தைச் சீவிவிடுவார்கள். வெட்டுப்பட்ட மனிதனுக்குக் காயம் ஆறிவிடும். குருத்துப் போன தென்னை நின்றபடியே சாகும்; உடையவன் அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இத்தனைக்கும் இரண்டு தரப்பும் ஒரே மாதா கோயிலில் ஒரே சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்குகிறவர்கள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், அப்பாவின் கூடப்பிறந்த அண்ணனான பெரியப்பாவும் அவர் மகன்கள் மூவரும் கோயிலிலிருந்து நேராகத் தோப்புக்குப் போனார்கள். திண்டுக்கல்லில் வாத்தியாராக இருந்த நான் அன்று ஊரில் இருந்தேன். ஓடிப்போய் அண்ணனிடம் சொன்னேன். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவன் ஓடினான். நாங்கள் போவதற்குள் ஒன்பது மரங்களின் கொண்டைகள் கீழே கிடந்தன. வெடிக்காத பாளைகளும் நசுங்கிய குரும்பைகளும் காலில் மிதிபட்டன.

"எறங்குங்கடா! வெட்டுப்பட்டது என் கை. கேக்க வேண்டியவன் நான்."

"ஏலே, ஒனக்காகத்தான ஏறுறோம்?" என்றார் பெரியப்பா.

"நம்மளப் படைச்சவந்தான இதையும் படைச்சான்? இது வந்து மடைய மறிச்சுச்சா?"

மரத்தின் மேலிருந்து மூத்தவன் சிரித்தான். "வாய்க்கால்ல வெரல விட்டவன் வேதம் பேசுறான் பாரு!"

அண்ணன் பத்தாவது மரத்தைக் கட்டிக்கொண்டான். இரண்டாமவன் அரிவாளின் பின்புறத்தால் அவன் தோளில் அடித்தான். மூன்றாமவன் விலாவில் மிதித்தான். நடுவில் புகுந்த எனக்கு இரண்டு பற்கள் போயின. கீழே விழுந்த அண்ணன், அடித்தவனின் மணிக்கட்டைக் கடித்து, அரிவாளை இடக்கையால் பிடுங்கினான். அப்போது சாலைப் பக்கம் சித்தப்பாவின் குரல் கேட்டது. மூத்தவன் சறுக்கி இறங்கினான். நால்வரும் கள்ளிவேலியைத் தாண்டிவிட்டார்கள்.

சித்தப்பா பார்த்தது ஒன்பது மொட்டை மரங்களையும், அரிவாளோடு நின்ற அண்ணனையும்தான். கம்பு ஒரே வீச்சில் இறங்கியது. அண்ணனுக்கு இடது காதுக்கு மேலே மண்டை பிளந்தது. நான் கத்தினேன், வாய் நிறைய இரத்தம், சொல் வெளியே வரவில்லை. மறுபடி ஓங்கியவர் அப்படியே நின்றார். அந்தக் கட்டு அவர் கண்ணில் பட்டிருந்தது. அந்தக் கையை வெட்டியவரே அவர்தான். அதை வைத்துக்கொண்டு தென்னை ஏற யாராலும் முடியாது.

"நீ வெட்டலையாடா?"

"இல்ல."

"அத மொதல்லயே சொன்னா என்ன?"

"நீ எங்க சித்தப்பா கேட்ட?"

சித்தப்பா கம்பைப் போட்டார். அண்ணனை அவருடைய மாட்டுவண்டியிலேயே ஏற்றினோம். வழியெல்லாம் எங்கள் குடும்பத்தையே வாய்க்கு வந்தபடி திட்டினார். ஆனால் தன் துண்டால் அவன் தலையை அழுத்திப் பிடித்த கையை எடுக்கவில்லை.

திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் பதினோரு தையல். யார் அடித்தது என்று டாக்டர் கேட்டார். சித்தப்பா சுவரைப் பார்த்தார். பெயரைச் சொன்னால் அவர் ஜெயிலுக்குப் போவார். அவர் இல்லாத தோப்பில் பெரியப்பாவின் மகன்கள் மிச்ச முப்பத்தேழையும் முடித்துவிடுவார்கள்.

"தென்னமட்ட விழுந்துச்சுங்க," என்றான் அண்ணன்.

அந்த இடது காது அவனுக்குக் கடைசிவரை கேட்கவில்லை. அதே தவக்காலத்தில், பெரிய வியாழனுக்கு முன்பு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வெளியே வந்தவன் என்னிடம் சொன்னான்: "மரத்துக்கு விரோதமாப் பொய்ச்சாட்சி சொல்லிட்டேன்னேன். சாமியார் சிரிச்சுட்டார்டா."

அவன் சிரிக்கவில்லை. நேராகக் கிணற்றடிக்குப் போனான். அன்று தண்ணீர் முறை எங்களுடையது. எங்கள் மடையை ஒற்றைக் கையால் மண் அள்ளிப்போட்டு அடைத்து, தண்ணீரைச் சித்தப்பாவின் தோப்புக்குத் திருப்பிவிட்டான்.