கண்ணாடி இல்லாத சலூன்

பிரதேச சபையைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதுவேன் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால், அவரைப் பாதிச் சவரத்தில் எழுப்பி அனுப்பியிருப்பேன். என் கடைக்கு முன்னால் ஓடும் வாய்க்காலுக்கு மூடி போடச் சொல்லி நான் கொடுத்த கடிதங்கள் இன்றைக்கும் அவர்களுடைய அலுமாரிக்குள்தான் கிடக்கின்றன. வாய்க்காலும் திறந்தபடிதான் கிடக்கிறது. அது வேறு கதை. இது நடந்தது, அதனால் சொல்கிறேன்.

எனக்கு முல்லைத்தீவு வீதியில் ஒரு சலூன். இரண்டு கதிரை, இரண்டு கண்ணாடி, முன்னுக்கு ஒரு கதவு. மற்ற மூன்று பக்கமும் சுவர். கொரோனா ஊரடங்கு எடுத்த பிறகு கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சலூன்களைக் கடைசிக்கு விட்டார்கள். எங்கள் முறை வந்தபோது சுகாதாரப் பரிசோதகர் என் கடைக்குள் நின்று ஒரு சுற்றுப் பார்த்தார். காற்று வந்து போக வழியில்லை, பின்சுவரில் ஜன்னல் வைத்தால்தான் திறக்கலாம் என்றார். அவர் சொன்னது சரி. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

கட்டடம் என்னுடையது இல்லை. சொந்தக்காரரிடம் போய்க் கேட்டேன். சுவரில் கை வைக்கக் கூடாது என்றார். ஏன் என்றேன். அது தன்னுடைய சுவர் என்றார். எத்தனை தரம் கேட்டாலும் அதே பதில்தான்.

பிறகு ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் கச்சான், அதுதான் நிலக்கடலை, பிடுங்கப் போனேன். இருபது வருடத்துக்கு மேல் கத்தரிக்கோல் பிடித்த கை. முதல் நாளே கொப்பளம் போட்டது. குனிந்தால் நிமிர முடியவில்லை. பக்கத்து வரிசையில் நின்ற அக்கா மத்தியானத்துக்குள் தன் வரிசையை முடித்துவிட்டு என் வரிசைக்குள் இறங்கினார்.

"தம்பி, செடியைப் பிடிச்சு இழுக்கவேணும். நீங்கள் அதுக்குத் தலை சீவி விட்டுக்கொண்டு நிக்கிறியள்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நாலாம் நாள் போகவும் இல்லை. கடை போனால் எனக்குச் செய்யத் தெரிந்த வேறு வேலை ஒன்றும் இல்லை என்பதை அந்த மூன்று நாளில் கண்டுகொண்டேன்.

நேராகச் சபைக்குப் போனேன். அங்கே செயலாளர் ஒரு பெண். அவருடைய மேசைக்கு முன்னால் நின்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். மீன்காரருக்கு விளையாட்டு மைதானத்தில் இடம் கொடுத்தீர்கள், மரக்கறிக்காரருக்கு ஆட்கள் இடைவெளி விட்டு நிற்க வட்டம் கீறிக் கொடுத்தீர்கள், தையல்காரருக்கு முகக்கவசம் தைக்கும் வேலை கொடுத்தீர்கள், எனக்கு மட்டும் கச்சான் தோட்டமா என்று கேட்டேன். வாய்க்கால் மூடியையும் இடையில் சேர்த்துக்கொண்டேன். மற்ற மேசைகளில் வேலை நின்றுவிட்டது. அவர் பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்செடுக்க நின்ற இடத்தில்,

"கத்தி முடிஞ்சுதோ? முடிஞ்சுதெண்டா இருங்கோ" என்றார்.

முன்னால் கிடந்த கதிரையில் இருந்தேன். என் வேலைக்கு என்னென்ன தேவை என்று கேட்டார். கதிரை, வெளிச்சம், தண்ணீர், மேலே ஒரு கூரை என்றேன். அவர் ஜன்னலால் வெளியே பார்த்தார். வீதிக்கு அந்தப் பக்கம் பஸ் நிலையம். அதற்கும் அப்பால்தான் என் கடையின் பின்சுவர். வெளிமாவட்ட பஸ்கள் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. கூரையும் தூண்களும் இருந்தன, சுவர் ஒன்றும் இல்லை. காலால் மிதித்துக் கை கழுவும் குழாய் ஒன்றைச் சபை அப்போதுதான் அங்கே பூட்டியிருந்தது.

"அங்க போட்டு வெட்டுங்கோ. காத்துக்குக் குறைவில்லை."

பகிடி பண்ணுகிறார் என்றுதான் நினைத்தேன். அடுத்த நாள் காலையில் சபையின் குப்பை அள்ளும் உழவு இயந்திரம், நன்றாகக் கழுவி, என் கடை வாசலில் வந்து நின்றது. அது இழுத்து வந்த பெட்டியில் ஏற்கெனவே ஒரு சலூன் கதிரை இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது தபாற்கந்தோருக்குப் பக்கத்தில் சலூன் வைத்திருப்பவருடைய கதிரை. அவருடைய கடைக்கும் ஜன்னல் இல்லை. அவருக்கும் எனக்கும் ஆறு வருடமாகக் கதை இல்லை. 'ஊரின் முதல் சலூன்' என்று அவர் பலகை எழுதி வைத்திருக்கிறார். முதல் சலூன் என்னுடையது. பஸ் நிலையத்தின் அந்த மூலையில் அவர், இந்த மூலையில் நான் என்று செயலாளர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்.

கண்ணாடி மாட்டச் சுவர் இல்லை. தூணில் கயிறு போட்டுக் கட்டினேன். பத்து மணிக்குச் சோளகக் காற்று அதைத் தூக்கி நிலத்தில் அடித்தது. மூலைக்காரருடைய கண்ணாடி அதற்கு முன்பே போய்விட்டது. ஆக, கதிரையில் இருப்பவருக்குத் தன் தலையில் என்ன நடக்கிறது என்று தெரியாது. ஆனால் ஊருக்கே தெரியும். சபை கீறிய வட்டங்களுக்குள் தங்கள் முறைக்காக ஆட்கள் நின்றார்கள். மாதக்கணக்காக வெட்டாத தலைகள், மனைவிமார் குசினிக் கத்தரிக்கோலால் வெட்டிப் பழுதாக்கிய தலைகள். அவர்கள்தான் எங்களுக்குக் கண்ணாடி. முதல் வட்டத்தில் நின்றவர் வலப்பக்கம் இறங்கிப்போச்சு என்பார். மூன்றாம் வட்டத்தில் நின்றவர் இல்லை, தலையே அப்படித்தான் சரிவு என்பார். சைக்கிளில் போன ஒரு பெண் காலை ஊன்றி நின்று, கதிரையில் இருந்த தன் புருஷனைக் காட்டி, இன்னும் கட்டையாக வெட்டுங்கோ, இவர் வீட்டில் சொல்வது ஒன்று, இங்கே வந்து சொல்வது இன்னொன்று என்று சொல்லிவிட்டுப் போனார். புருஷன் போர்வையைக் கழுத்து வரை இழுத்து மூடிக்கொண்டார். கட்டையாக வெட்டினேன்.

எனக்குத் தொழில் சொல்லித்தர வருகிறார்களே என்று முதல் இரண்டு நாளும் எல்லோரையும் ஏசினேன். ஏச ஏச ஆட்கள் கூடினார்கள். தலைமயிர் வெட்ட வேண்டாதவர்களும் வந்து நின்றார்கள்.

ஒரு புதன்கிழமை செயலாளர் வந்தார். திங்கட்கிழமை பஸ்கள் ஓடப் போகின்றன, அதற்குள் இடத்தை விட வேண்டும் என்றார். எனக்குக் கை நின்றுவிட்டது. மூலைக்காரருக்குச் சொந்தக் கட்டடம், அவர் ஜன்னல் வெட்டி முடித்துவிட்டார். எனக்குத் திரும்பவும் கச்சான் தோட்டம்தான். நான் கத்தத் தொடங்குமுன் அவர் சொன்னார்:

"உங்கட கட்டடக்காரருக்கு ரெண்டு கடிதம் போட்டாச்சு. பதில் இல்லை. பறவாயில்லை, அவருக்கும் மயிர் வளரும்தானே."

கையெழுத்து மட்டும் கிடைத்தால் போதும், மேசனைத் தான் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை கட்டடக்காரர் வந்தார். மயிர் காதை மூடியிருந்தது. என் கதிரையில்தான் இருந்தார். அவருக்கு நாலு பேர் பின்னால், சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒரு வட்டத்துக்குள் நின்றார். கையில் ஒரு கோப்பு. நான் என் பாட்டில் வெட்டினேன். இடப்பக்கம் முடிந்தது. அப்போது அவராகவே, பஸ் ஓடினால் நீ என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. கத்தரிக்கோலைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினேன்.

"ஜன்னல் இல்லாட்டி எனக்குக் கடை இல்லை ஐயா. கடை இல்லாதவனுக்குக் கத்தரிக்கோல் எதுக்கு?"

பாதித் தலையோடு அவர் எழும்பினார். மற்ற மூலைக்குப் போய், மிச்சத்தை வெட்டிவிடச் சொன்னார். ஆறு வருடமாக என்னோடு கதைக்காத மனிதன் தன் கையை விரித்து விரித்து மடக்கிப் பார்த்தார்.

"எனக்குக் கை உளையுது ஐயா. அண்ணைதான் தொடங்கினவர், அண்ணையே முடிக்கட்டும்."

வட்டத்துக்குள் நின்றவர்கள் சிரிப்பை முகக்கவசத்துக்குள் அடக்கினார்கள். கட்டடக்காரர் திரும்பி வந்து இருந்தார். அப்போதுதான் உண்மையான காரணம் வந்தது. பின்னால் இன்னொரு கடை கட்டும் எண்ணம், ஜன்னல் வைத்தால் அது கெட்டுவிடும் என்றார். உத்தியோகத்தர் தன் வட்டத்தை விட்டு நகராமல் கோப்பைத் திறந்தார்.

"ஐயா, பின்னுக்கு இருக்கிறது சபைக் காணி. அதில நீங்கள் கோழிக்கூடும் கட்டேலாது."

கட்டடக்காரர் திரும்பி அந்தக் கோப்பைப் பார்த்தார். பிறகு போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தார். வட்டம் வட்டமாகக் கைமாறி வந்த சம்மதக் கடிதத்தை என் பெட்டியின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். வலப்பக்கத்தை நான் வாழ்க்கையில் எந்தத் தலைக்கும் வெட்டாத அளவு கவனமாக வெட்டினேன். சரியாக இருக்கிறதா என்று அவர் என்னிடம் கேட்கவில்லை, வட்டங்களைப் பார்த்துத்தான் கேட்டார். எல்லோரும் ஓம் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மேசன் வந்து சுவரை வெட்டினார். தூசி அடங்குமுன் மூலைக்காரர் ஒரு புதுக் கண்ணாடியோடு வந்து நின்றார். இரண்டு வாங்கினால் குறைத்துத் தருகிறார்களாம், அதனால் வாங்கினாராம். பலகையை எப்போது கழற்றுவீர்கள் என்று கேட்டேன். பலகை கிடக்கட்டும், தேத்தண்ணி இருக்கோ என்றார்.

இப்போது எல்லா பஸ்களும் ஓடுகின்றன. என் புது ஜன்னல் பஸ் நிலையத்தைத்தான் பார்க்கிறது. பஸ் பிந்தினால் அங்கே நிற்பவர்களுக்கு என் கடைதான் பொழுதுபோக்கு. போன கிழமையும் ஒருவர் ஜன்னல் கம்பிக்குள்ளால் தலையை நீட்டி, அண்ணை, இடப்பக்கம் கூடிப்போச்சு என்றார். உன் பஸ்ஸைப் பார் என்று ஏசித் துரத்தினேன். அவர் போன பிறகு கண்ணாடியைப் பார்த்தேன். இடப்பக்கம் கூடத்தான் இருந்தது.