நாய்க்கு ஒரு ‘ங்க’

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் என் வீட்டுக்காரர் என்னை ஒரு தடவைகூட ‘வாங்க’ என்று கூப்பிட்டதில்லை. அந்தக் காலத்தில் எந்தப் புருஷன் கூப்பிட்டான்? ‘ஏய்’ என்பார். ‘இவளே’ என்பார். விருந்தாளி இருந்தால் தொண்டையைக் கனைப்பார், நான் காபியோடு போய் நிற்க வேண்டும். அதற்கெல்லாம் பழகியிருந்தேன். ஆனால் அதே மனிதர் ஒரு நாயைப் பார்த்து ‘வாங்க, உள்ள வாங்க’ என்றதைக் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. அதை இன்றைக்கும் மறைக்க மாட்டேன்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. நெய்வேலி சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓடும் பிரிவில் அவர் சார்ஜ்மேன். மேலே ஒரு ஃபோர்மேன் பதவி காலியாகப் போகிறது என்று பேச்சு. அந்தப் பிரிவின் பெரிய அதிகாரி ஆறு மாதப் பயிற்சிக்கு மனைவியோடு டெல்லி கிளம்பினார். அவர்கள் கல்கத்தாவிலிருந்து கொண்டுவந்து வளர்த்த நாயை யாரிடம் விடுவது என்று அதிகாரி சொல்லி முடிப்பதற்குள் இவர் ‘நான் இருக்கேன் சார்’ என்றிருக்கிறார். என்னைக் கேட்டாரா என்றால், பெண் பார்க்க வந்தபோதே என்னைக் கேட்காதவர்.

நாய் ஜீப்பில் வந்தது. இவர் பின்னால் சைக்கிளில் வந்தார். எங்கள் பிளாக்கில் ஜீப் வந்து நின்றது அதுதான் முதல் தடவை. யாரையோ போலீஸ் பிடிக்க வந்திருக்கிறது என்று எதிர் குவார்ட்டர்ஸில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். டிரைவர் இறக்கிவிட்டதைப் பார்த்தால், முழங்கால் உயரம்கூட இல்லை. உடம்பெல்லாம் வெள்ளைச் சுருட்டை முடி, நடுவில் இரண்டு கறுப்புக் கண்கள். பூடில் என்று இவர் சாதியைச் சொன்னார். கம்மாபுரம் பக்கத்திலிருந்து கூடை சுமந்து வரும் தயிர்க்காரம்மா அப்போது வாசலில்தான் இருந்தாள்.

“இன்னாம்மா, ஆட்டுக்குட்டி வாங்கிக்கினு வந்துட்டீங்க? புழுக்கைய யாரு அள்றது?” என்றாள்.

“அது நாய்.”

“நாயா! எந்தப் பக்கம் மூஞ்சி?”

நாயோடு டைப் அடித்த மூன்று பக்கத் தாளும் வந்தது. அதிகாரியின் மனைவி ஆங்கிலத்தில் எழுதிய கட்டளைகள். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நின்றபடியே வாசித்து எனக்குப் பொருள் சொன்னார். சோறு ஆகாது. உப்பு ஆகாது. தினமும் முடியைச் சீவ வேண்டும். காதில் தண்ணீர் போகக் கூடாது. முடியை வெட்டவே கூடாது. கடைசியில் ஒரு வரி: ‘ஆல்வேஸ் ஸ்பீக் டு ஹிம் கைண்ட்லி.’

அங்கே அவர் நிறுத்தினார்.

“கைண்ட்லின்னா என்ன தெரியுமா உனக்கு? லீவ் லெட்டர்ல போடுவோமே, கைண்ட்லி கிராண்ட் மீ லீவ்னு. அது யாருக்குப் போடறது? மேல இருக்கறவங்களுக்கு. அதனால இதுகிட்ட...” என்றவர் நாயைப் பார்த்தார். நாயும் அவரைப் பார்த்தது. “இவர்கிட்ட மரியாதையாத்தான் பேசணும்.”

அவர் வாழ்க்கையில் அந்தச் சொல்லைச் சந்தித்த இடம் லீவ் லெட்டர் ஒன்றுதான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நாய்க்கு ‘ங்க’ விழுந்தது. ‘வாங்க’, ‘சாப்பிடுங்க’, ‘கொஞ்சம் நகந்துக்கறீங்களா’. நாய்க்கு ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. அதிகாரி வைத்த பெயரை நாம் சொல்லிக் கூப்பிடுவது சரியில்லை என்று அதையும் தடுத்துவிட்டார். நானோ அவர் பெயரைச் சொல்வதில்லை. ஆஸ்பத்திரியில் வீட்டுக்காரர் பெயர் என்ன என்று கேட்டால் மெடிக்கல் புக்கை நீட்டுவேன். ஆக, பெயர் சொல்லக் கூடாத ஆண்கள் எங்கள் வீட்டில் இரண்டு பேர் ஆனார்கள். இரண்டாம் வகுப்பு படித்த என் பெண் இரண்டு நாள் பார்த்துவிட்டு, “அம்மா, இது அப்பாவோட ஆபீசரா?” என்று கேட்டாள்.

வீட்டிலிருந்த ஒரே டேபிள் ஃபேன் நாயின் பக்கம் திரும்பியது. பதினோரு வருஷம் அடுப்படியில் நான் வெந்தபோது திரும்பாத ஃபேன். முட்டைகூட நுழையாத வீட்டில் நாய்க்காகக் கறி வந்தது. கொல்லையில் தனி அடுப்பு மூட்டி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேகவைத்தேன். கறிக்கடை பாய் என்னைக் கடைத்தெருவில் பார்த்து, “நாய்க்குத்தான்னு சத்தியம் பண்றாரும்மா உங்க வீட்டுக்காரரு. ஆனா எலும்பில்லாததா, இளசாக் கேக்கறாரே!” என்று சிரித்தார். மானம் கப்பலேறியது. இவருக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. அவர் கண்ணுக்கு நாயின் தலைமேல் ஃபோர்மேன் நாற்காலி தெரிந்தது.

நெய்வேலியில் வெள்ளை நாய் வளர்ப்பது, புகைக்கூண்டுக்கு அடியில் வேட்டி காயப்போடுவது மாதிரி. கொடியில் போட்ட துணியிலேயே மத்தியானத்துக்குள் பவர் ஹவுஸ் சாம்பல் பூத்துவிடும். சுருட்டை முடியோ காற்றில் வருவதையெல்லாம் இழுத்து உள்ளே வைத்துக்கொள்ளும். காலையில் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டினால் சாயங்காலம் ஷிப்ட் சங்கு ஊதும்போது சாம்பல் நிறத்தில் நிற்கும். துண்டால் துவட்டி, காதுக்குள் பஞ்சு வைத்துத் துடைத்து, பேன் சீப்பால் சிக்கெடுக்க வேண்டும். மரியாதை அவர் பங்கு, வேலை என் பங்கு.

முதல் மாதம் அந்த நாயை வெறுத்துக்கொண்டேதான் சீவினேன். ஆனால் சிக்கெடுக்கும்போது யாரும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. “அசையாம இருடா, வலிக்குதாடா, இதோ ஆச்சு” என்று ஆரம்பித்தது, நாளாக ஆக என் வீட்டுக் கதை, பிறந்த வீட்டுக் கதை என்று நீண்டது. அது மடியில் தாடையை வைத்துக்கொண்டு கேட்கும். நடுவில் எழுந்து போகாது, தொண்டையைக் கனைக்காது. எனக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டது. அவர் இருக்கும்போது ‘ங்க’. மைன்ஸ் பஸ் ஏறிப் போனதும் ‘டா’. நாய்க்கு இரண்டு இலக்கணமும் புரிந்தது.

மே மாதம் வந்தது. முடி கட்டி கட்டியாகத் திரண்டு, அடியில் தோல் சிவந்து புண்ணாகியிருந்தது. ஈரக் கோணியில் வயிற்றை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கியது. பிளாக்குக்கு வரும் முடிவெட்டுகிறவரைக் கேட்டதற்கு, “இதே கத்திரியத்தான் உங்க வீட்டுக்காரருக்கும் போடணும், பரவால்லியா?” என்றார். எனக்குப் பரவாயில்லைதான், சொல்லவில்லை. கத்திரி வெயிலில் என் தையல் கத்திரியை நானே எடுத்தேன். இரண்டு மணி நேரத்தில் ஒரு முறம் முடி. உள்ளேயிருந்து பெருச்சாளி அளவில் ஒன்று வெளியே வந்து உடம்பை உதறி, வீட்டைச் சுற்றி ஓடிய ஓட்டம் இருக்கிறதே!

ஷிப்ட் முடிந்து வந்தவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். “அந்தம்மா கேட்டா என்னடி சொல்வேன்? முடிய வெட்டாதேன்னு எழுதியிருக்கே!”

“புண்ணா இருந்துச்சு.”

“புண்ணு கெடக்கட்டும், தாள்ல என்ன போட்டிருக்கு?”

எனக்கு அந்தத் தாளின் மேலேயே கோபம் வந்தது. மறுநாள் அதை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு டீச்சரிடம் போனேன். முடியை ஏன் வெட்டக் கூடாது என்று காரணம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கத்தான். டீச்சர் மூன்று பக்கமும் படித்தார். காரணம் ஒன்றும் இல்லை. ‘கைண்ட்லி பத்தி என்ன போட்டிருக்கு’ என்று சும்மா கேட்டு வைத்தேன்.

“எப்பவும் அன்பாப் பேசுங்கன்னு போட்டிருக்கு.”

“மரியாதையா இல்லையா?”

“மரியாதை எங்கேருந்து வந்துச்சு? அன்பு, அவ்வளவுதான்.”

அப்படியென்றால் இத்தனை நாளும் தாளில் சொன்னபடி நடந்தவள் நான்தான். இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மட்டும் என்ன, நாய்க்கு ‘ங்க’ போய்விடும், எனக்கு வந்துவிடுமா? கையில் ஒன்று இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

ஆறாவது மாதம் அதிகாரியிடமிருந்து கடிதம் வந்தது. பயிற்சி முடிந்து டெல்லியிலேயே வேலை, இனி திரும்பி வரவில்லை, நாயை ‘எங்கள் அன்பளிப்பாக வைத்துக்கொள்ளவும்’. கூடவே பிரிவுக்குப் புது அதிகாரி வந்தார். பழையவருக்கும் புதியவருக்கும் ஆகாது என்று கேன்டீன் முழுக்கப் பேச்சு. எந்தெந்த ஆள் பழையவரின் ஆள் என்று புதியவர் கணக்கெடுக்கிறார் என்றும் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்து நாயைப் பார்த்தார். பழைய அதிகாரியின் ஆள் என்பதற்குச் சாட்சி வாலை ஆட்டிக்கொண்டு எதிரே நின்றது.

“போ சனியனே!”

ஆறு மாத மரியாதை ஒரு தபாலில் தீர்ந்தது. நாய்க்குப் புரியவில்லை. அவர் வாயிலிருந்து ‘போ’ என்ற சொல்லை அது கேட்டதே இல்லை. காலருகில் வந்து, ‘உட்காருங்க’ என்று சொல்வார் என்று அண்ணாந்து பார்த்தபடி நின்றது. அவர் காலால் தள்ளினார். எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. இத்தனை நாள் நான் பொறாமைப்பட்ட அந்த ‘ங்க’ நாய்க்கே வந்ததில்லை. அது டெல்லிக்குப் போன அதிகாரிக்கு வந்தது. நாயும் நானும் அவருக்கு ஒரே படிதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, நான் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் சைக்கிள் ஸ்டாண்டை எடுக்கும் சத்தம் கேட்டது. எழுந்து வந்து பார்த்தால், கேரியரில் காய்கறிக் கூடை கட்டியிருக்கிறது, கூடையின் வாயில் என் பழைய புடவைத் துண்டு, அதற்குமேல் ஒரு சுருட்டைத் தலை. முடி அப்போதுதான் இரண்டு விரற்கடை வளர்ந்திருந்தது.

“எங்க கொண்டு போறீங்க?”

“காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரித் தோப்புல விட்டா பொழச்சுக்கும்.”

“எப்படிப் பொழைக்கும்? பால்ல ஊறாத ரொட்டியத் திங்கத் தெரியாது அதுக்கு. தெரு நாய் கடிச்சுக் கொன்னுடும்.”

“ஏய், உள்ள போ. ஃபோர்மேன் லிஸ்ட் வர்ற நேரம் இது. ஒரு நாய்க்காக நான் பெல்ட்டுக்கு அடியிலயே சாகணுமா?”

ஏறி மிதித்துவிட்டார். நான் ஈரப் புடவையோடு தெருவுக்கு ஓடினேன். ‘என்னங்க’ என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. ‘இந்தாங்க, நில்லுங்க’ என்றேன். நாய் மட்டும் திரும்பி என்னைப் பார்த்தது. சைக்கிள் தெருமுனை வேப்பமரத்தை நெருங்கிவிட்டது. அதைத் தாண்டினால் மெயின் ரோடு. எனக்கு வேறு வழி தெரியவில்லை. வயிற்றிலிருந்து மூச்சை எடுத்து, பிளாக் முழுக்கக் கேட்கும்படி அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

சைக்கிள் நின்றது. எதிர் குவார்ட்டர்ஸில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் நுரையோடு நின்றார். தயிர்க்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, “யம்மா, பேரு சொல்லிட்டாங்களே!” என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் ஒரு காலைத் தரையில் ஊன்றி, முகம் வெளிறிப் பார்த்தார். “தெருவுல வச்சு மானத்த வாங்கறியேடி” என்றார், மெதுவாக.

கிட்டே போனேன். கூடையின்மேல் கையை வைத்தேன்.

“கைண்ட்லி எறக்கி விடுங்க” என்றேன்.

இறக்கினார்.

ஃபோர்மேன் பதவி அந்த வருஷம் அவருக்குக் கிடைக்கவில்லை. மூன்று வருஷம் கழித்துக் கிடைத்தது, நாய் இருந்தும். நாய் எங்களோடு எட்டு வருஷம் இருந்தது. எனக்கு ‘ங்க’ கடைசிவரை வரவில்லை, நாய்க்கும் திரும்ப வரவில்லை. ஆனால் ‘இந்தச் சனியன’ என்று அவர் எப்போதாவது ஆரம்பித்தால், நான் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, அவர் பெயரின் முதல் எழுத்துக்கு உதட்டைக் குவிப்பேன். சத்தம் வர வேண்டியதில்லை. அவர் எழுந்து, வாளியையும் சீயக்காய் டப்பாவையும் எடுத்துக்கொண்டு நாயைக் குளிப்பாட்டக் குழாயடிக்குப் போய்விடுவார்.