காதுக்காரருக்குக் கேட்காத கேஸ்கெட்

அந்தப் பட்டறையில் கம்ப்யூட்டர் கிடையாது, காதுக்காரர் இருந்தார். வண்டி வாசலில் திரும்பும்போதே, "மூணாவது பிளக் போயிடுச்சு" என்பார். கழற்றினால் மூன்றாவதுதான் போயிருக்கும். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை இஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டி அவர் கண்ணை மூடிக்கொண்டால், பக்கத்தில் யாரும் மூச்சுவிடக் கூடாது. முப்பது வருடமாக அந்தக் காதுதான் சோறு போட்டது. கொஞ்சம் தலைக்கனமும் கொடுத்திருந்தது, அதை மறைப்பானேன்.

அப்பேர்ப்பட்டவருக்கே தண்ணி காட்டியது நர்ஸம்மாவின் பழைய கார். சிக்னலில் நின்றால் உதறும், சில சமயம் அணைந்தே போகும். பிள்ளை பெற்றவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறவள் அவள். கார் இல்லாவிட்டால் கை ஒடிந்த மாதிரி. காதுக்காரர் முதலில் பிளக்குகளை மாற்றினார். அடுத்த வாரம் பெட்ரோல் பம்ப்பை மாற்றினார். இரண்டுக்கும் பணம் வாங்கினார். மூன்றாம் முறை வந்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அண்ணே, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு பாதிச் சம்பளத்தக் கொட்டியாச்சு. இன்னும் அதே உதறல்தான்."

"இருங்க சிஸ்டர், இன்னிக்கு ஒரு கை பார்த்துடறேன்."

இஞ்சினில் ஓர் இடம் விடாமல் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்டார். எல்லாச் சத்தமும் ஒழுங்காகவே இருந்தது. மறுபடியும் முதலிலிருந்து கேட்டார்.

அந்த நேரம் மனைவி சாப்பாட்டோடு உள்ளே வந்தாள். வந்தவள் அப்படியே நின்றாள்.

"என்னங்க, ஏதோ உஸ்ஸுன்னு சீறுதே?"

"எங்க?"

"இதோ, இங்கதான்." இஞ்சினுக்குக் காற்று போகும் குழாய் வந்து சேருகிற இடத்தைக் காட்டினாள்.

நர்ஸம்மாவும் குனிந்தாள். "ஆமாண்ணே, நல்லாவே கேக்குதே."

காதுக்காரருக்குக் கேட்கவில்லை. மனைவி காட்டிய இடத்தில் கிளீனர் ஸ்ப்ரேயை லேசாக அடித்தார். இஞ்சின் அதை உள்ளே உறிஞ்சிக்கொள்ள, ஓட்டம் சட்டென்று மாறியது. அந்த இணைப்பில் காற்று கசியாமல் அடைக்கும் இன்டேக் கேஸ்கெட் விரிசல் விட்டு, வெளிக்காற்று உள்ளே புகுந்துகொண்டிருந்தது. உள்ளங்கை அகலம்கூட இல்லாத சாமான். விலை இரண்டு சாப்பாட்டுக்கு மேல் வராது. மேலே இருப்பதையெல்லாம் கழற்றி மாட்ட அரைநாள் கூலி. ஒரு காலத்தில் இந்தச் சீறலைத் தூக்கத்திலேயே கண்டுபிடித்திருப்பார்.

பம்ப் மாற்றியதால்தான் இந்தப் பழுது வெளியே வந்தது என்று ஒரு கதை அளந்தால் போதும், நர்ஸம்மா நம்பிவிடுவாள். உண்மையைச் சொன்னாலோ, காது போன காதுக்காரரிடம் நாளைக்கு யார் வண்டி விடுவார்கள்? மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர்," என்றார் கடைசியில், "உங்க பழைய பம்ப்பும் நல்லாத்தான் இருந்துச்சு, பிளக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. இந்தச் சத்தம் எனக்குக் கேக்கல. இப்பவும் கேக்கல. வாங்கினதத் திருப்பித் தந்துடறேன். கேஸ்கெட்டுக்கும் எதுவும் வேணாம்."

நர்ஸம்மா அவரையே பார்த்தாள். கோபம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை.

"கேஸ்கெட்டுக்கு வாங்கிக்குங்கண்ணே, அது நியாயம். நாளைக்குக் காலையில எங்க ஆஸ்பத்திரிக்கு வாங்க. காதுக்கும் மெஷின் இருக்கு, கூச்சப்படாம வாங்க."

கார் உதறாமல் போன பிறகு, காதுக்காரர் கைகூடக் கழுவாமல் பெஞ்சில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"போன மாசம் பேத்தி போன்ல பாட்டுப் பாடறேன்னு சொன்னா இல்ல? நீங்ககூட 'பிரமாதம்'னு கை தட்டினீங்களே."

"ஆமா, அதுக்கென்ன?"

"அவ அப்ப இன்னும் பாடவே ஆரம்பிக்கலைங்க."

காதுக்காரருக்கு அழுகை வந்துவிட்டது. போன பேரும் போன பணமும் இந்த அளவுக்குச் சுடவில்லை.

"சொல்லியிருக்கலாமில்ல?"

"எந்த வாயால சொல்றது?" என்று அவர் தோளில் கை வைத்தாள். பிறகு மகள் வீட்டுக்குப் போன் போட்டு, பேத்தியைக் கூப்பிட்டு, அந்தப் பாட்டைப் பாடச் சொன்னாள். குழந்தை ஒவ்வொரு வரியாகப் பாட, இவள் அதைத் தன் கட்டைக் குரலில் கணவர் காதருகே பாடிக்காட்டினாள். அவளுக்குச் சுத்தமாகப் பாட வராது. காதுக்காரர் கடைசி வரி வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் கை தட்டினார்.